ஒரு மேசை, இரண்டு வரவேற்பாளர்

காலை எட்டரைக்கு நிலையத்தைத் திறந்ததும் நான் முதலில் செய்கிற வேலை, இரவு முழுவதும் மெசின் யார் யாரோடு என்ன கதைத்திருக்கிறது என்று வாசிப்பதுதான். தேத்தண்ணி அதற்குப் பிறகு.

நான் வேலை செய்வது பாமன்கடையில் ஒரு பல் வைத்திய நிலையத்தில். வெள்ளவத்தை காலி வீதியிலிருந்து டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையால் உள்ளே வந்தால் வருகிற இடம். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் கலந்து வாழ்கிறார்கள். ஆகவே எங்கள் வட்ஸ்அப் இலக்கத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் செய்திகள் வரும். தமிழையும் சிங்களத்தையும் ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறவர்களே அதிகம். பன்னிரண்டு வருடமாக முதலில் தொலைபேசியிலும் பிறகு வட்ஸ்அப்பிலும் பதில் சொல்லி வந்தவள் நான். இப்போது ஒன்றரை வருடமாக முதல் பதிலை எழுதுவது செயற்கை நுண்ணறிவில் இயங்கும் ஒரு ‘வரவேற்பாளர்’. டொக்டரின் மருமகன் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து பூட்டிவிட்டுப் போனது. அதற்கு ஒரு அழகான பெயரும் வைத்தார். நாங்கள் மெசின் என்றுதான் சொல்லுவோம்.

இதை இந்தப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் சகோதரிகள் பலர் இன்று தையல், மிளகாய்த்தூள், பனங்கட்டி, பலகாரம் என்று வீட்டிலிருந்தே தொழில் செய்து கைத்தொலைபேசியில்தான் ஓடர் எடுக்கிறார்கள். அவர்களிடமும் ஒருநாள் யாராவது வந்து, “அக்கா, இனி நீங்கள் பதில் எழுதத் தேவையில்லை, மெசின் எழுதும்” என்று சொல்வார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதோடு ஒரே மேசையில் இருந்து வேலை செய்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கதிரையில் இருத்திவிட்டு...

செய்தியை ஒருவரிடமிருந்து வாங்கி இன்னொருவரிடம் கொடுக்கிற வேலையை நான் பழகியது இந்த நிலையத்தில் அல்ல.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு சனமாக எங்கள் குடும்பமும் நடந்தது. அடுத்த வருடம் அண்ணா காணாமல் போனார். 1998இல் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தது அவரைத் தேடித்தான். வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்தோம். வயிற்றுப்பாட்டுக்கு நான் ஒரு கொமியூனிகேஷனில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் காலி வீதி நெடுக எத்தனை கொமியூனிகேஷன்கள் இருந்தன என்பது அங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கோல் வரும். லொட்ஜில் இன்ன அறையில் இருக்கிற இன்னாரைக் கூப்பிடுங்கோ என்பார்கள். பெடியனை ஓடவிட்டு, “பத்து நிமிசம் கழிச்சு எடுங்கோ” என்று சொல்லி வைப்பேன்.

சேர்ந்த முதல் கிழமையே முதலாளி ஐயா ஒன்று சொன்னார். “பிள்ளை, செத்த சேதி வந்தா நீ வாயால சொல்லாதை. ஆளைக் கதிரையில இருத்து. தண்ணி குடு. பிறகு ரிசீவரைக் குடுத்திட்டு நீ வெளியில நில்.” ஆனால் தூரப் போகாதே என்றும் சொன்னார். அந்த நாலு வருடத்தில் அதை எத்தனை தடவை செய்திருப்பேன் என்று எண்ணவில்லை.

அம்மாவோ ஒவ்வொரு அலுவலகமாக மனு எழுதிக்கொண்டிருந்தா. வந்த பதில்களில் பெரும்பாலானவை ஒரே வரி: தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. கீழே ஒரு இலக்கம். அந்தக் கடிதங்களை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைத்திருந்தா. மனிதர்கள் எழுதிய பதில்கள்தான் அவை. இருந்தும் மெசின் எழுதுகிறதை இன்று வாசிக்கும்போது சில வேளை எனக்கு அந்த ரின் நினைவுக்கு வரும்.

‘ஓம்’ என்றால் என்ன?

மெசின் வந்த புதிதில் சிரிப்புக்குக் குறைவில்லை. “நாளைக்கு நாலு மணிக்கு வர முடியுமா?” என்று அது கேட்கும். எங்கள் சனம் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துத் தட்டி “ஓம்” என்று அனுப்பும். மெசின் அதை மந்திரம் என்று நினைத்து, “உங்களுக்கு அமைதி உண்டாகட்டும், வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” என்று கேட்டது. நாலு மணி பதியப்படவில்லை. அந்த அம்மா நாலுக்கு வந்து நின்றா. “விடிய வாறன்”, “நாளண்டைக்கு”, “பின்னேரம் ஏலாது”, “டொக்டரோட கதைக்கவேணும்”... இவை ஒவ்வொன்றிலும் அது தடுக்கி விழுந்தது. ‘கதை’ என்றதைக் கண்டு கதை சொல்ல வெளிக்கிட்டது ஒரு தடவை.

மருமகன் விளங்கப்படுத்தினார். இந்த மெசின்கள் கோடிக்கணக்கான பக்கங்களைப் பார்த்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுகின்றனவாம். அது பார்த்த பக்கங்களில் ஆங்கிலமே மிகக் கூட. தமிழ் கொஞ்சம். எங்கள் பேச்சுத் தமிழ் அதிலும் கொஞ்சம். அதை ஆங்கில எழுத்தில் எழுதினால் சொல்லவே வேண்டாம். ஆகவே எங்கள் சொற்களை ஒரு கொப்பியில் எழுதி, அர்த்தத்தோடு அவருக்கு அனுப்பினேன். முதல் மாதத்திலேயே கொப்பியில் நாலு பக்கம் நிறைந்தது. அதற்குப் பிறகு மெசின் ‘ஓம்’ என்றால் சரி என்று எடுத்துக்கொண்டது. இந்தக் கொப்பி எழுதுகிற வேலையை எந்தப் பொறியியலாளரும் செய்ய முடியாது, நாங்கள்தான் செய்ய வேண்டும். அதற்கு எவரும் சம்பளம் என்று பெயர் வைப்பதில்லை என்பது வேறு கதை.

பிறகு வந்தது இரட்டைப் பதில் பிரச்சினை. ஒருவருக்கு நான் “ஐந்தரை” என்று தட்டிக்கொண்டிருக்க, மெசின் முந்திக்கொண்டு “ஆறு” என்று அனுப்பிவிடும். அவர் எதை நம்புவார்? நான் கை வைத்தவுடன் அந்த உரையாடலில் மெசின் வாயை மூட வேண்டும் என்று ஒழுங்கு செய்தோம். அதிலும் நான் ஒரு பிழை விட்டேன். ஒரு நாள் பின்னேரம் ஐந்தாறு பேருடைய உரையாடல்களை நான் எடுத்தேன். வேலை முடிய அவற்றைத் திருப்பி மெசினிடம் கொடுக்க மறந்துபோனேன். பல்லுக்கொதியோடு இரவு பதினொரு மணிக்கு எழுதிய மனிதனுக்கு விடியும்வரை ஒரு சொல்லும் போகவில்லை. அன்று அவருக்கு மெசின் இருந்திருந்தால் நல்லது. அவசரத்துக்கு எங்கே போகலாம் என்றாவது சொல்லியிருக்கும்.

மெசினுக்கு மட்டும் சொல்லப்படுபவை

இரவில் வருகிற செய்திகள் பகலில் வருகிறவை போல் இல்லை. பகலில் எழுதுகிறவர்களுக்கு நான் இருக்கிறேன் என்று தெரியும். இரவில் பதில் எழுதுவது மெசின் என்று தெரிந்தே சிலர் எழுதுகிறார்கள்.

இது புதினமல்ல. உலகத்தின் முதலாவது கதைக்கும் கணினி நிரல்களில் ஒன்று ‘எலைசா’. அமெரிக்காவில் எம்.ஐ.ரி. கல்வி நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எழுதி 1966இல் அதுபற்றிய கட்டுரையை வெளியிட்டார். பெர்லினில் பிறந்த யூதர் அவர். நாசிகளின் ஆட்சியில் 1936இல் குடும்பத்தோடு நாட்டை விட்டு ஓடிய, எங்களைப்போல இடம்பெயர்ந்த ஒருவர். எலைசா நாங்கள் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அது வெறும் நிரல் என்பதை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளர் பெண், அதனோடு சில வரிகள் கதைத்த பிறகு, “நீங்கள் கொஞ்சம் அறையை விட்டு வெளியே போக முடியுமா?” என்று அவரையே கேட்டாராம். வைசன்பாம் அதிர்ந்துபோனார். பிற்காலத்தில் கணினியிடம் எதை ஒப்படைக்கக்கூடாது என்று எச்சரித்து 1976இல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு அந்தச் செயலாளர் பெண் மீதுதான் யோசனை. அவவுக்கு வேறு யாரிடமும் சொல்ல இருக்கவில்லையோ என்னவோ.

ஒரு நாள் காலை வாசித்தபோது ஒரு பெண் இரவு ஒரு மணிக்கு எழுதியிருந்தா. (ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன்.) “முன்பல்லு ரெண்டு உடைஞ்சிட்டுது. விழுந்து உடையேல்லை.” மெசின் மிகப் பணிவாக, எந்த நாள் வசதி என்று கேட்டிருந்தது. அவ பிறகு எழுதவில்லை.

அந்த இடத்தில் நான் என்ன எழுதுவது? யார் அடித்தது என்று கேட்டால், அந்தக் கைத்தொலைபேசியை யார் வாசிப்பார் என்று எனக்குத் தெரியாது. 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை எழுதி அனுப்பினால் அதுவே அவவுக்கு இன்னொரு அடியாகலாம். கடைசியில், “வணக்கம். இண்டைக்குப் பத்து மணிக்கு டொக்டருக்கு நேரம் இருக்கு. நான் முன்னுக்கு இருப்பன்” என்று மட்டும் எழுதி என் பெயரைப் போட்டேன். பத்தேகாலுக்கு வந்தா. இலக்கத்தை ஒரு மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் எழுதிக் கையில் கொடுத்தேன். அதற்குமேல் அது அவவுடைய கதை.

மெசினிடம் எழுதுவதெல்லாம் எங்கேயோ வெளிநாட்டுக் கணினிகளில் போய்த் தங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வருகிறவற்றில் சீனி வருத்தம், கர்ப்பம், குடிக்கிற மருந்து, வாயின் படம் எல்லாம் இருக்கும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தகவலை விசேடமாகக் காக்க வேண்டிய வகையில் சேர்த்திருக்கிறது. அதைக் காட்டித்தான், முதல் பதிலிலேயே “நான் கணினி வரவேற்பாளர், ஆளோடு கதைக்க ‘அக்கா’ என்று எழுதுங்கள்” என்ற வரியைப் போடவைத்தேன். ‘ஆள்’ என்று போடத்தான் மருமகன் சொன்னவர். அக்கா என்றால் சனம் எழுதும் என்று எனக்குத் தெரியும்.

‘அம்மா தவறிட்டா’

இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒரு வயதான அம்மாவுக்குப் பல் செற் செய்துகொண்டிருந்தோம். அச்செடுத்து, மெழுகில் பார்த்து, எல்லாம் முடிந்து பெட்டிக்குள் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முந்திய சனிக்கிழமை இரவு ஒன்பது மணிபோல அவவின் மகள் எழுதியிருந்தா: “அம்மா தவறிட்டா. செவ்வாய்க்கிழமை வர ஏலாது.”

மெசின் எழுதிய பதில்: “சந்திப்புத் தவறினால் பரவாயில்லை! அம்மாவுக்கு வேறு நாள் ஒதுக்கட்டுமா? புதன் 10.30, வியாழன் 4.00 ஆகிய நேரங்கள் உள்ளன.” கடைசியில் ஒரு சிரித்த முகம்.

ஞாயிறு நிலையம் பூட்டு. திங்கள் காலை ஏழு மணிக்கு, நான் வருவதற்கு முன்பே, அது தன் வழக்கப்படி நினைவூட்டலும் அனுப்பிவிட்டது: நாளை உங்கள் அம்மாவின் சந்திப்பு.

எட்டரைக்கு நான் வாசித்தபோது கை நடுங்கியது. உடனே எழுதலாம் என்றால் முடியாது. மெசினை இணைத்து நடத்துகிற வணிகக் கணக்குகளுக்கு வட்ஸ்அப் ஒரு விதி வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணித்தியாலம் கடந்துவிட்டால் நாங்கள் நினைத்ததை எழுத முடியாது. முன்கூட்டியே அனுமதி வாங்கிய வார்ப்புச் செய்திகளை மட்டும்தான் அனுப்பலாம். எங்களிடம் இருந்த வார்ப்புகள் மூன்று: நினைவூட்டல், கட்டணம், வருடப்பிறப்பு வாழ்த்து.

ஆகவே போனை எடுத்தேன்.

“தங்கச்சி, நான் பல் டொக்டரிட்ட இருந்து கதைக்கிறன். நீங்கள் சனிக்கிழமை எழுதினதை இப்பதான் கண்டனான். அந்தப் பதிலை எழுதினது மெசின். பிழை எங்கடை.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “மெசின் எண்டு தெரியும் அக்கா. அது பரவாயில்லை. எண்டாலும் புதன் பத்தரை எண்டு வாசிக்கேக்கை...” அதோடு நிறுத்திவிட்டா.

அம்மாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். இருபது நிமிடம் சொன்னா. டொக்டர் உள்ளே இருந்து இரண்டு தடவை மணி அடித்தார். நான் போகவில்லை.

அன்றே கொப்பியில் புதிய பக்கம் தொடங்கினேன். தவறிட்டா, மோசம் போயிட்டார், காலமாயிட்டார், இல்லாமல் போயிட்டார், செத்தவீடு, அந்தியேட்டி, முப்பத்தொண்டு. முஸ்லிம் ஆட்களுக்கு மௌத். சிங்களத்தில் ‘நெத்தி வுணா’. அவர்களும் எங்களைப் போலத்தான், இல்லாமல் போனார் என்றுதான் சொல்கிறார்கள். இந்தச் சொற்களில் ஒன்றைக் கண்டால் மெசின் பதில் சொல்லக்கூடாது. அந்த ஆளுக்குரிய நினைவூட்டல் எல்லாம் நிற்க வேண்டும், ஆறு மாதத்துக்குப் பிறகு வருகிற ‘பல் பார்க்க வாருங்கள்’ உட்பட. என் கைத்தொலைபேசிக்கு மணி அடிக்க வேண்டும். ‘மோசம்’ என்று எழுதி எங்கள் வேலையைத் திட்டுகிறவர்களுக்கும் மணி அடிக்கிறது. அடிக்கட்டும்.

மெசின் சொன்னால் யார் சொன்னது?

சில மாதம் கழித்து இன்னொருவருக்கு, கட்டிய முற்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று மெசின் எழுதிவிட்டது. எங்களிடம் அப்படி ஒரு ஒழுங்கே இல்லை. டொக்டர், “அது மெசின் சொன்னது, நாங்கள் சொல்லேல்லையே” என்றார். நான் அவருக்கு எயார் கனடா வழக்கைச் சொன்னேன். 2022 நவம்பரில் பாட்டியைச் சாகக் கொடுத்த ஒருவர், மரணவீட்டுக்குப் போகிறவர்களுக்கான சலுகைக் கட்டணம் பற்றி அந்த விமான நிறுவனத்தின் கணினி உதவியாளரிடம் கேட்டார். இப்போது முழுக்காசுக்கு ரிக்கற் எடுங்கள், 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் சலுகை கிடைக்கும் என்று அது சொன்னது. பிறகு நிறுவனம் மறுத்துவிட்டது. அந்த உதவியாளர் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி ஆள் போன்றது என்றுகூட வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்வு மன்றம் 2024 பெப்ரவரியில் அதை ஏற்கவில்லை. தன் இணையத்தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, எல்லாமாக 812 டொலர் அளவில் கட்டச் சொன்னது.

டொக்டர் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு விலை, காசு திருப்புவது, எப்போது முடியும் என்கிற திகதி, இந்த மூன்றையும் நாங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்தால் மட்டுமே மெசின் சொல்லும். இல்லாவிட்டால் ‘அக்கா சொல்லுவா’ என்று எழுதி நிறுத்திவிடும். சட்டை தைக்கிற சகோதரிகளுக்கும் இது பொருந்தும். தீபாவளிக்கு முன் தருவோம் என்று மெசின் சொன்னால் இரவிரவாக மிதிக்க வேண்டியது உங்கள் கால்தான்.

உண்மையைச் சொன்னால், ஒரு நாளைக்கு இருபது முப்பது செய்தி வருகிறவர்களுக்கு மெசினே தேவையில்லை. 2018இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் இலவசமானது. ‘இப்போது கடை பூட்டு, காலையில் பதில் தருவேன்’ என்று தானாக அனுப்பவும், அடிக்கடி எழுதுகிற பதில்களை ஒரு சொல்லில் வரவழைக்கவும், காசு வர வேண்டியவர்களுக்கு நிறத்தில் அடையாளம் போடவும் அதில் வசதி இருக்கிறது. அதைப் பழகுங்கள். மெசின் வைத்தாலும், நீங்கள் உரையாடலை எடுக்கும்போது மேலே போய் முழுவதையும் வாசித்துவிட்டே முதல் வரியை எழுதுங்கள். சொன்னதை மறுபடி சொல்லவைப்பது போல் ஒரு மனிசரைக் களைக்கப்பண்ணுவது வேறில்லை. அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

மெசின் வந்தபோது எங்கள் மேசையில் இரண்டு பேர் இருந்தோம். பின்னேரங்களில் வந்த பிள்ளைக்கு மூன்றாம் மாதம் வேலை போனது. முல்லைத்தீவுப் பிள்ளை, தம்பியைப் படிப்பித்துக்கொண்டிருந்தது. சுவீடனின் ‘கிளார்னா’ என்ற நிறுவனம், தன் மெசின் 700 ஊழியர்களின் வேலையைச் செய்கிறது என்று 2024இல் பெருமையாக அறிவித்தது. 2025இல், தரம் குறைந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டு மறுபடி ஆட்களைத் தேடியது. அந்தச் செய்தியை டொக்டருக்குக் காட்டினேன். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இப்போது தெகிவளையில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறாள். முழுநாளும் நின்றபடி.

எனக்காக நான் கேட்டது ஒன்றுதான். ஞாயிறு காலையும் பின்னேரமும் அரை மணித்தியாலம் வீட்டிலிருந்து செய்திகளை வாசிக்கிறேன், அதற்குச் சம்பளம் தர வேண்டும். “சும்மா ஒருக்கா எட்டிப் பார்க்கிறதுதானே” என்றார் டொக்டர். அந்த அம்மாவின் பல் செற் அப்போதும் என் லாச்சியில்தான் இருந்தது. மகள் முப்பத்தொண்டு முடிய வந்து எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தா. லாச்சியைத் திறந்து பெட்டியை மேசையில் வைத்தேன். அந்த மாதத்திலிருந்து ஞாயிறுக்கும் சம்பளம் வருகிறது.

முதல் ஞாயிறு மூன்று செய்திகள் வந்திருந்தன. ஒருவர் பல் சுத்தம் செய்ய எவ்வளவு என்று கேட்டிருந்தார், மெசின் பட்டியலைப் பார்த்துச் சரியாகச் சொல்லியிருந்தது. இன்னொருவர் பெருவிரலை உயர்த்தியிருந்தார். மூன்றாமவர், திங்கள் ஐந்து மணி சரியா என்று கேட்டதற்கு, ஓம்.